தேயிலைத் தொழிற்சாலையில் கணினி திணறும்போது

ராகலையிலும் அதனைச் சூழவுள்ள தோட்டங்களிலும் பகலில் பறிக்கப்படும் கொழுந்தின் தலைவிதி இரவிலேயே தீர்மானிக்கப்படுகின்றது என்பதை மலையக மக்களுக்கு நாம் எடுத்துக்கூற வேண்டியதில்லை. மாலை நிறுவை முடிந்து தொழிற்சாலைக்கு வந்து சேரும் பச்சைக் கொழுந்து, வாட்டும் தொட்டிகளில் பன்னிரண்டு மணித்தியாலங்களோ அதற்கு மேலோ காற்றோட்டத்தில் கிடந்து, பின்னர் ரோலர்களுக்கும் புளிக்கவைக்கும் தளத்துக்கும் டிரையருக்கும் செல்கின்றது. ஒரு கிலோ தேயிலையைப் பெறுவதற்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து தேவை. ஒரு பெண் தொழிலாளி நாள் முழுவதும் மலைச்சரிவில் நின்று பறித்த பதினெட்டுக் கிலோ, இறுதியில் நான்கு கிலோ தேயிலையாகச் சுருங்கிவிடுகின்றது. இடையில் எந்தவொரு கட்டத்திலும் தவறு நேர்ந்தால் அதனைத் திருத்துவதற்கு இடமில்லை. கருகிய தேயிலையை மீண்டும் கொழுந்தாக்க எவராலும் இயலாது.

முற்காலத்தில் இந்த இரவுக் காவலை டீமேக்கரின் மூக்கும் உள்ளங்கையுமே செய்து வந்தன. அவற்றின் தேவை இன்றும் அற்றுப்போகவில்லை. ஆயினும் வெப்பநிலையை அளக்கும் உணரிகள், டிரையரின் வெப்பக் காற்றைக் கட்டுப்படுத்தும் கருவிகள், எல்லாவற்றுக்கும் மேலாக கலர் சோர்ட்டர் என வழங்கும் நிறம் பிரிக்கும் இயந்திரம் ஆகியன தொழிற்சாலைகளுக்குள் வந்து சேர்ந்துவிட்டன. இவற்றுக்குப் பின்னால் கணினி இருக்கின்றது. அந்தக் கணினி நள்ளிரவில் திணறத் தொடங்கினால் என்ன செய்வது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விடயமாகும்.

பொதுவாக நடைபெறுவது இதுதான். திரையிலுள்ள இலக்கங்கள் அசையாமல் நின்றுவிடுகின்றன. பொத்தானை அழுத்தினால் அரை நிமிடம் கழித்தே பதில் வருகின்றது. வேலையில் இருப்பவர் ஆளியை அணைத்து மீண்டும் போடுகின்றார். கணினி உயிர்பெறுகின்றது, எல்லோரும் நிம்மதியடைகின்றனர். மூன்றாம் நாள் இரவு அதே கதை மீண்டும் நிகழ்கின்றது. ஒரு மாதம் இவ்வாறு கழிந்த பின்னர், ‘இயந்திரம் பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்’ என்ற முடிவுக்கு நிர்வாகம் வருகின்றது. புதிய கணினியும் சில வாரங்களில் திணறுமானால், வேலையில் இருந்தவரின் மீது பழி விழுகின்றது. நோய் எது என்று எவரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்குரிய தடயத்தை, அணைத்துப் போட்ட கையே அழித்துவிட்டது.

சி.பி.யூ. என்ற சொல்லை நம்மவர்கள் மேசையடியிலுள்ள முழுப் பெட்டிக்கும் பயன்படுத்தி வருகின்றனர். உண்மையில் அது பெட்டிக்குள்ளே உள்ள ஒரு சிறு சில்லு. மத்திய செயற்பாட்டு அலகு என்பது அதன் தமிழ்ப் பெயர். அதன் பயன்பாடு நூறு வீதம் எனத் திரை காட்டுமானால், கடந்த ஒரு விநாடியில் அந்தச் சில்லுக்கு ஓய்வே கிடைக்கவில்லை என்பதே பொருள். இது தன்னளவில் ஒரு பழுது அன்று. அலுவலகக் கணினி ஒன்று சம்பளப் பட்டியலைக் கணிக்கையில் நூறு வீதம் உழைத்தால், அது தன் கடமையைச் செய்கின்றது என்றே கொள்ள வேண்டும். பட்டியல் பத்து விநாடி பிந்தி வந்தாலும் நட்டம் ஏதுமில்லை.

தொழிற்சாலைக் கணினியின் நிலை வேறு. அதற்கு வேகத்தைவிட நேரந்தவறாமை முக்கியம். கலர் சோர்ட்டரையே எடுத்துக்கொள்வோம். உலர்ந்த தேயிலை கமராக்களின் முன்னால் மழைபோல் விழுகின்றது. காம்பும் நாரும் நிறத்தால் இனங்காணப்பட்டு, சிறு காற்றுக்குழாய்களின் ஊதலால் வேறாகத் தள்ளப்படுகின்றன. விநாடிக்கு மூன்று மீற்றர் வேகத்தில் விழும் துகள், பத்து மில்லிவிநாடியில் மூன்று சென்ரிமீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். ஊதல் அவ்வளவு பிந்தினால் காம்பு தப்பிவிடும். அதன் பின்னால் வந்த நல்ல தேயிலை வெளியே தள்ளப்படும். இயந்திரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், சத்தமும் வழமைபோல் இருக்கும். தரம் குறைந்த செய்தி கொழும்பு ஏலத்தின் பின்னரே தோட்டத்துக்கு எட்டும்.

இதனாலேயே, தயாரிப்பாளர்கள் அவசர வேலைகளைத் திரையுள்ள கணினியிடம் ஒப்படைப்பதில்லை. படத்தைக் கணிப்பதற்குத் தனிச் சில்லுகளையும், மோட்டார்களையும் வால்வுகளையும் இயக்குவதற்கு பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவியையும் பொருத்துகின்றனர். பி.எல்.சி. ஓர் எளிய பிராணி. உணரிகளைப் படிக்கும், கணிக்கும், கட்டளையிடும். சில மில்லிவிநாடிகளில் இந்தச் சுற்றை முடித்து மறுபடியும் தொடங்கும். சுற்று குறித்த நேரத்தில் முடியாவிட்டால் தானாகவே நின்று பழுது விளக்கை எரியவிடும். ஆகவே கணினி திணறுகின்றது என்றவுடன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, திணறுவது திரையா அல்லது கட்டுப்பாடா என்பதாகும். திரை மாத்திரமே உறைந்திருந்தால் டிரையர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும், பதற்றத்துக்கு இடமில்லை. டிரையரில் உள்ள வெப்பமானியை நேரில் சென்று பார்த்துவிட்டு வருவதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடமே ஆளியை நோக்கி நீளும் கையைத் தடுக்கும்.

கட்டுப்பாட்டுக் கணினி ஒன்று சுமை தாளாமல் திணறிய சம்பவங்களுள் உலகம் நன்கு அறிந்தது, 1969 ஜூலை 20 ஆம் திகதி சந்திரனில் இறங்கிக்கொண்டிருந்த அப்பலோ 11 கலத்தில் நிகழ்ந்ததாகும். இறங்குவதற்குச் சில நிமிடங்களே இருந்தபோது, கணினி 1202 என்ற எச்சரிக்கை இலக்கத்தைக் காட்டியது. அவ்வேளையில் தேவைப்படாத ராடார் ஒன்று, இடையறாது பொய்யான சைகைகளை அனுப்பி, கணினியின் நேரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்தது. கணினி என்ன செய்தது? அவசரமற்ற வேலைகளைக் கைவிட்டு, கலத்தை இறக்கும் வேலையை மாத்திரம் பிடித்துக்கொண்டு தொடர்ந்து இயங்கியது. அது அவ்வாறே வடிவமைக்கப்பட்டிருந்தது.

எமது கவனத்துக்குரியது அதற்கு அடுத்து நிகழ்ந்தது. இறங்குவதா திரும்புவதா என்ற முடிவை, தரையிலிருந்த கட்டுப்பாட்டு நிலையம் விநாடிகளுக்குள் எடுக்க வேண்டியிருந்தது. ஜாக் கார்மன் என்ற இளம் பொறியியலாளர் அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே, எந்த எச்சரிக்கை இலக்கத்துக்கு என்ன பொருள், எதற்குத் திரும்ப வேண்டும், எதற்குத் தொடரலாம் என்பதைத் தம் கையால் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். பயிற்சி ஒத்திகை ஒன்றில் இத்தகைய எச்சரிக்கைக்குத் தவறாக முடிவெடுத்ததனால் வந்த பாடம் அது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் ‘தொடரலாம்’ என்ற பதில் சென்றது. சந்திரப் பயணத்தையே காப்பாற்றிய அந்தத் தாளுக்கு ஆன செலவு மிகச் சொற்பம். எமது தொழிற்சாலைகளில் எத்தனை கட்டுப்பாட்டு அறைச் சுவர்களில் இவ்வாறான ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கின்றது?

இனி, கணினியை எவ்வாறு பார்ப்பது என்பதற்கு வருவோம். தோட்டத்தில் காலையில் பிரட்டுக்களம் கூடுகின்றது. பெயர் வாசிக்கப்படுகின்றது. யார் கொழுந்துக்கு, யார் கவ்வாத்துக்கு, யார் வரவில்லை என்பது பதிவாகின்றது. விண்டோஸ் கணினியிலும் இவ்வாறான ஒரு பிரட்டு உண்டு. டாஸ்க் மனேஜர் என்பது அதன் பெயர். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் அது திறக்கும். அந்த வேளையில் கணினிக்குள் வேலை செய்யும் ஒவ்வொரு நிரலும், அது எத்தனை வீதம் உழைப்பை எடுத்துக்கொள்கின்றது என்பதும் அங்கே வரிசையாகத் தெரியும். சி.பி.யூ. என்ற தலைப்பின் மீது அழுத்தினால் அதிகம் தின்பவர் முதலில் வந்து நிற்பார். அதனைக் கையடக்கத் தொலைபேசியால் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பின்னர் அவசியமெனில் அணைத்துப் போடலாம். தடயம் கையில் இருக்கின்றது.

இங்கே ஏமாற்றம் தரும் ஒரு கணக்கு உண்டு. நான்கு கருக்களைக் கொண்ட சில்லு ஒன்றில், ஒரு கரு முழுமையாக அடைபட்டுவிட்டாலும் மொத்தப் பயன்பாடு 25 வீதம் என்றே காட்டும். ‘நாலில் ஒரு பங்குதானே, பரவாயில்லை’ என்று எண்ணிவிடலாகாது. கட்டுப்பாட்டு மென்பொருள்களில், அதிலும் பழையவற்றில், முக்கிய வேலை முழுவதும் ஒரே இழையில் நடைபெறுவது வழமை. அந்த ஒரு கரு அடைபட்டால் திரை உறைந்துவிடும். மற்ற மூன்றும் சும்மா இருக்கும். பிரட்டுக்களத்தில் நூறு பேர் நின்றாலும், சாவி வைத்திருப்பவர் ஒருவரே என்றால் களஞ்சியம் திறக்கப்படாது அல்லவா? ஆகவே எட்டுக் கருக்களில் 12 அல்லது 13 வீதம், நான்கில் 25, இரண்டில் 50 என்று ஓர் இலக்கம் அசையாமல் நிற்குமானால், அதனை நூறாகவே கருத வேண்டும்.

முதலிடத்தில் நிற்கும் பெயர் எது என்பதைப் பொறுத்து அடுத்த அடி அமையும். கட்டுப்பாட்டு மென்பொருளே முதலிடத்தில் இருந்தால், அதனிடம் யார் இவ்வளவு வேலை வாங்குகின்றார்கள் என்று பார்க்க வேண்டும். வாட்டும் தொட்டியின் வெப்பநிலை நிமிடத்துக்கு நிமிடம்கூடப் பெரிதாக மாறுவதில்லை. அதனை விநாடிக்குப் பத்துத் தடவை படிக்குமாறு எவரோ அமைத்திருப்பார்; இருபது உணரிகள் என்றால் விநாடிக்கு இருநூறு கேள்விகள். பொருத்திய நாளில் அது தாக்குப்பிடித்திருக்கும். நாளடைவில் பதிவுகள் குவிந்து, ஒரு வருடத்து வரைபடத்தைத் திரையில் எப்போதும் திறந்து வைத்திருக்கும் பழக்கமும் சேர்ந்தால் கணினி திணறாமல் என்ன செய்யும்? படிக்கும் இடைவெளியைப் பத்து விநாடியாக்குவதும், பழைய பதிவுகளை வேறு தட்டுக்கு மாற்றுவதும் ஒரு சதமும் செலவில்லாத மருந்துகள்.

வைரஸ் தடுப்பு மென்பொருள் முதலிடத்தில் நின்றால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் திணறல் வருமானால், முழுச் சோதனைக்கோ புதுப்பித்தலுக்கோ அந்த நேரம் குறிக்கப்பட்டிருக்கும். அலுவலகத்தில் எவரும் இல்லாத நள்ளிரவைத் தேர்ந்தெடுப்பது அலுவலக வழக்கம். தேயிலைத் தொழிற்சாலைக்கு அதுவே உச்ச நேரம். இதற்காகத் தடுப்பு மென்பொருளையே அகற்றிவிடுவது தலைவலிக்குத் தலையை வெட்டுவதற்கு ஒப்பாகும். நேரத்தை மாற்றி, கட்டுப்பாட்டு மென்பொருளின் பதிவுக் கோப்புகளைச் சோதனையிலிருந்து விலக்கினால் போதும். அதேவேளை, காவலனே கதவை அடைத்துவிடுவதும் உண்டு என்பதை 2024 ஜூலை 19 ஆம் திகதி உலகம் கண்டது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பித்தலால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. உற்பத்தி நடைபெறும் இரவில் எந்தப் புதுப்பித்தலும் தானாக நுழைய இடமளிக்கலாகாது.

சில வேளைகளில் எந்த நிரலும் முதலிடத்தில் இராது. ஆனாலும் மொத்தம் உயர்ந்தே நிற்கும். ‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ என்ற வரி மாத்திரம் உயர்ந்து காணப்படும். இது மென்பொருளின் குற்றமன்று, வன்பொருள் கதவைத் தட்டிக்கொண்டிருக்கின்றது என்பதற்கான அறிகுறி. தளர்ந்த கேபிள், ஈரம் பட்ட இணைப்பு, மலிவு விலையில் வாங்கிய யூ.எஸ்.பி. மாற்றி, இடி மின்னலில் அரைகுறையாகச் சேதமடைந்த வலையமைப்பு அட்டை ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். விண்டோஸ் எக்ஸ்.பி. இயங்கும் பழைய கணினிகளில் இன்னொரு விசித்திரமும் உண்டு. வன்தட்டில் ஆறு தடவை தவறு நேர்ந்ததும், அது வேகமான முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு எழுத்தையும் மத்திய செயற்பாட்டு அலகே சுமக்க வேண்டிய பழைய முறைக்குத் தானாக மாறிவிடும். அன்றிலிருந்து கணினி ஆமைபோல் நகரும். காரணத்தைத் திரை சொல்லாது. இவ்வாறான நிலையில் முதலில் செய்ய வேண்டியது பதிவுகளைப் பிரதி எடுப்பதாகும். அந்த வன்தட்டின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கின்றது.

மலையகத்துக்கே உரிய காரணம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சலிக்கும் அறையிலிருந்து எழும் தேயிலைப் பஞ்சு, கணினியின் விசிறியையும் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளையும் கம்பளிபோல் மூடிவிடும். சில்லு சூடேறினால், எரிந்துவிடாதிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நேற்று 40 வீதத்தில் முடிந்த அதே வேலைக்கு இன்று 90 வீதம் தேவைப்படும். நுவரெலியாவின் குளிருக்குக் கணினி சூடேறுமா என்று சிலர் கேட்கலாம். ஆறாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் வெப்பத்தைச் சுமந்து செல்லும் காற்று குறைவாகவே இருக்கும். அத்துடன் டிரையருக்கு அருகிலுள்ள பெட்டிக்குள் குளிர் ஏது? வெளியிலிருந்து வந்து பார்த்த வல்லுநர் மென்பொருளில் மணிக்கணக்காகத் தேடிய குறையை, தூரிகையுடன் வந்த ஒரு தொழிலாளி பத்து நிமிடத்தில் தீர்த்துவிடக் கூடும்.

இனி, வெளியிலிருந்து வரும் சுமை. 2006 ஆகஸ்ட் 19 ஆம் திகதி அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தின் மூன்றாவது உலையை ஊழியர்கள் கையால் நிறுத்த நேர்ந்தது. வலையமைப்பில் அளவுமீறிய தரவு நெரிசல் ஏற்பட்டு, நீரைச் சுழற்றும் பம்பிகளின் கட்டுப்பாட்டுக் கருவிகள் பதிலளிக்க இயலாமல் போனமையே காரணம். எவரும் தாக்கவில்லை, கருவிகளின் சிறிய சில்லுகள், தமக்கு வராத செய்திகளையும் வாசித்து வாசித்தே களைத்துவிட்டன. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னர், 2003 ஜனவரியில், ஒஹையோவின் டேவிஸ் பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் ஸ்லாமர் என்ற புழு நுழைந்து பாதுகாப்புத் தகவல் திரையை ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் முடக்கியது. உலை அவ்வேளையில் மூடப்பட்டிருந்தமை நல்வாய்ப்பு. அந்தப் புழுவின் மொத்த நீளம் 376 பைட்டுகள் மாத்திரமே. அதற்குரிய திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் ஆறு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது.

இவற்றைவிட எமது நிலைக்கு நெருக்கமானது 2018 பெப்ரவரியில் வெளியான செய்தியாகும். ஐரோப்பாவின் நீர் வழங்கல் நிறுவனமொன்றின் கட்டுப்பாட்டுக் கணினிகளில், மொனேரோ என்ற மின்னணு நாணயத்தைத் திருட்டுத்தனமாகத் தோண்டும் நிரல் ஓடுவதை ரேடிஃப்ளோ என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. திரையை இயக்கிய கணினி அப்போதும் விண்டோஸ் எக்ஸ்.பி.யிலேயே இருந்தது. இத்தகைய திருடனுக்கு நீரிலும் அக்கறையில்லை, தேயிலையிலும் அக்கறையில்லை. அவனுக்கு வேண்டியது சில்லின் உழைப்பும் எமது மின்சாரமும் மாத்திரமே. எனவே காரணமின்றி இரவு பகலாக உயர்ந்து நிற்கும் பயன்பாடு, பெயர் தெரியாத ஒரு நிரல், இணையத்துடன் ஓயாத தொடர்பு ஆகிய மூன்றும் சேர்ந்து காணப்பட்டால், அதனைத் திருட்டாகவே சந்தேகிக்க வேண்டும். கட்டுப்பாடு பாதிக்கப்படாது என்பதை உறுதி செய்துகொண்டு வலையமைப்புக் கேபிளைக் கழற்றுவதே முதலுதவி. 2006 இல் அமைக்கப்பட்ட இலங்கை சேர்ட் நிறுவனம் இவ்வாறான முறைப்பாடுகளை ஏற்று வழிகாட்டுகின்றது.

நம் அயலிலும் எச்சரிக்கை உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் இணைந்திருந்த ஒரு கணினியில் தீய மென்பொருள் இருந்தமையை இந்திய அணுமின் கழகம் 2019 ஒக்டோபர் 30 ஆம் திகதி ஒப்புக்கொண்டது. கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்ததனால் அவை பாதிக்கப்படவில்லை என்றும் அது கூறியது. அணுமின் நிலையம் ஒன்றைக் காத்த அந்தப் பிரிவினை, கணக்கு எழுதும் கணினியையும் டிரையரைக் கவனிக்கும் கணினியையும் ஒரே கேபிளில் கோர்த்து வைத்திருக்கும் தொழிற்சாலையில் இல்லை. இரவு வேளையில் பாட்டுக் கேட்பதற்காக யூ.எஸ்.பி. குச்சியைச் செருகும் இளைஞரைக் கடிந்துகொள்வதற்கு முன்னர், அவருக்கு ஒரு வானொலிப் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்றும் எமக்குத் தோன்றுகின்றது.

பழைய விண்டோஸ் பற்றி நிர்வாகங்கள் அறிந்திருக்க வேண்டும். எக்ஸ்.பி.க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8 உடனும், விண்டோஸ் 7க்கான பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14 உடனும், விண்டோஸ் 10க்கானது 2025 ஒக்டோபர் 14 உடனும் முடிவடைந்துவிட்டன. இயந்திரத்தோடு வந்த மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது என்பது பல இடங்களில் உண்மையே. அவ்வாறாயின் அக்கணினியை இணையத்திலிருந்து முற்றாகப் பிரித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் இவ்வளவையும் பார்ப்பதற்கு உரிமை யாருக்கு இருக்கின்றது? எமது பார்வையில் சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது. இயந்திரத்தை விற்ற முகவர் கொழும்பில் இருக்கின்றார். கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கும். ராகலைக்கு அவருடைய ஆள் வந்து சேர ஒரு நாள் ஆகலாம், மழைக்காலத்தில் மண்சரிவு வீதியை மறித்தால் அதற்கு மேலும் ஆகலாம். இரவு வேலையில் நிற்பவரோ ஆங்கிலத்தில் தோன்றும் எச்சரிக்கையை வாசிக்கப் பழக்கப்படாதவர். எதையாவது தொட்டுப் பழுதாகிவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற அச்சம் வேறு. தோட்டப் பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பம் பயின்ற பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் கணினி திருத்திக்கொண்டிருக்கையில், அவர்களுடைய தாய்மார் பறித்த கொழுந்தைப் பதப்படுத்தும் கணினிக்கு நோய் பார்க்க எவரும் இல்லை. இவர்களுள் இருவருக்கு ஒரு வாரப் பயிற்சியும், அமைப்புகளை மாற்ற முடியாத, பார்ப்பதற்கு மாத்திரமான ஒரு கடவுச்சொல்லும் வழங்குவதால் முகவருக்கோ நிர்வாகத்துக்கோ இழப்பு ஏதுமில்லை.

தொடக்கம் மிகச் சிறியதாக இருக்கலாம். கணினி நலமாக இருக்கும் ஓர் இரவில், கொழுந்து நிறைந்து டிரையர் ஓடிக்கொண்டிருக்கும் வேளையில், டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்க்க வேண்டும். வழமையான பயன்பாடு எத்தனை வீதம், முதல் ஐந்து நிரல்களின் பெயர் என்ன, பெட்டியின் விசிறி சுழல்கின்றதா என்பவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் திரைக்கு அருகில் ஒட்ட வேண்டும். அதன் கீழே, திரை உறைந்தால் முதலில் டிரையர் வெப்பமானியைப் பார், பின்னர் படம் எடு, அதன் பின்னரே அணை என்று மூன்று வரிகள். பக்கத்தில் நூலில் கட்டிய பேனையுடன் ஒரு கொப்பி. திகதி, நேரம், முதலிடத்தில் நின்ற நிரல், அன்று புதிதாக மாற்றப்பட்டது எது என நான்கு நிரல்கள் கோடிட்டிருந்தால் போதும்; முகவரின் ஆள் வரும்போது முதலில் அவர் கையில் கொடுக்க வேண்டியது அந்தக் கொப்பியைத்தான்.